கூத்து ஜமாவில் சேரலாமா?

கேள்வி: ஐயா, நான் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயில் பாரதத் திருவிழாவில் 'கர்ண மோட்சம்' கூத்து பார்த்ததிலிருந்து வேறு எதிலும் மனசு ஓடவில்லை. படிப்பை விட்டுவிட்டு ஒரு ஜமாவோடு, அதாவது கூத்துக் குழுவோடு, போய்விடலாமா? "ஊர் ஊராக ஆடித் திரியவா உன்னைப் படிக்க வைத்தேன்?" என்று அப்பா கத்துகிறார்.
- வாசகர், வந்தவாசி

பதில் (ஜமா வாத்தியார் ஒருவர்): தம்பி, உன் அப்பாவோடு நான் சண்டைக்கு வரமாட்டேன். கூத்தாடியான என் அப்பாவே என்னை வேண்டாம் என்றுதான் சொன்னார்.

கிரீடமும் தோளில் புஜக்கீர்த்தியும் கட்டி, திரைக்குப் பின்னால் விருத்தம் பாடி, சலங்கை அதிர வந்த கர்ணனைத்தானே நீ பார்த்தாய்? அந்த வேஷம் கைக்கு வருமுன் அவர் வருஷக்கணக்கில் பின்னால் நின்று பின்பாட்டுப் பாடியிருப்பார். உனக்கு முதலில் கிடைப்பது பெட்டி தூக்குவதும் திரை பிடிப்பதும். ராத்திரி தொடங்கினால் விடிகிறவரை நிற்க வேண்டும். விடிந்ததும் தேங்காயெண்ணெய் தடவி அரிதாரத்தைத் துடைப்போம். காதோரம் சிவப்பு ஒட்டியபடியே வேனில் உட்கார்ந்து தூங்கி, அடுத்த ஊரில் போய் இறங்குவோம். அன்றைக்கு அங்கே வேறு கதை.

உடம்புக் கஷ்டத்தை உன் வயது தாங்கிவிடும். எனக்குப் பயம் காசை நினைத்துத்தான். ஊரார் பாக்கு வைத்துப் பேசுகிற தொகை ஜமாவுக்கு மொத்தமாக வரும். வண்டிச் செலவு போக மீதியைப் பங்கு பிரிப்போம். புதுப் பையன் பங்குதான் ஆகச் சின்னது. பங்குனியிலிருந்து ஆடி வரை பாரதச் சீசன். அப்புறம் கருமாதிக் கூத்து அங்கொன்றும் இங்கொன்றும்தான். மழைக்காலத்தில் எங்கள் ஆட்கள் பலர் நடவுக்கும் கட்டட வேலைக்கும் போகிறார்கள். 2020-ல் சரியாகப் பங்குனியில் ஊரடங்கு வந்தது, அந்த வருஷச் சீசனே போயிற்று.

அதனால் டிகிரியை முடி. ஆடி மாசம் முடிந்தால் ஒரு கடையில் கணக்கெழுதியாவது சாப்பிடலாம். படிப்பும் கூத்தும் ஒட்டாது என்று யாராவது சொன்னால் நம்பாதே. காஞ்சிபுரம் பக்கம் பெருங்கட்டூர் ராஜகோபால் 2002-ல் தொடங்கிய கட்டைக்கூத்து (தெருக்கூத்துதான்) குருகுலத்தில் பள்ளிப் பாடத்தையும் கூத்தையும் சேர்த்தே கற்றுக்கொடுத்தார்கள். பெண் பிள்ளைகளும் அங்கே வேஷம் கட்டினார்கள்.

உனக்குப் பரீட்சை லீவு விடுகிற நேரம்தான் எங்களுக்குச் சீசன். வீட்டில் சொல்லிவிட்டு, ஒரு பாரதம் முழுக்க, கடைசி நாள் பதினெட்டாம் போர் படுகளம் வரைக்கும், ஒரு ஜமாவோடு சுற்று. வேஷம் கேட்காதே. தூக்கம் வராமலிருக்க ஒரு மடக்குக் குடி என்று எவனாவது நீட்டுவான், அவன் பக்கத்திலேயே உட்காராதே. முகவீணை என்கிற சின்ன நாயனம் ஊதுகிறவர் பக்கத்தில் உட்கார். உன் தொண்டை மேல் கட்டைக்கு, அதாவது உச்சச் சுருதிக்கு, ஏறுமா ஏறாதா என்பதை என்னைவிட அவர்தான் சரியாகச் சொல்லுவார்.