மார்கழியில் கை நிறைய, ஆடியில் கைமாத்து

கேள்வி: சென்னை, வயது 34. சினிமாவுக்கும் தனி ஆல்பங்களுக்கும் பாட்டு எழுதுகிறேன். இரண்டு கவிதைத் தொகுப்பு வந்திருக்கிறது. டிசம்பர் சீசனில் கச்சேரி விமர்சனமும் எழுதுவேன். 2025-26இல் மொத்தம் 7.2 லட்சம் வந்தது, அதில் சினிமாப் பாட்டு 4.8 லட்சம். வீட்டுச் செலவு மாதம் 38,000. ஆனாலும் ஆடியில் நண்பனிடம் கைமாத்து வாங்கினேன். மியூச்சுவல் ஃபண்டில் மாதம் 15,000 எஸ்ஐபி (மாதத் தவணை முதலீடு) போடலாமா, இல்லை விமர்சனத்தை விட்டுவிட்டு வேலைக்குப் போகட்டுமா?

பதில்: 7.2 லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 60,000. இதில் கைமாத்து எங்கிருந்து வந்தது? பணம் மொத்தமாக வருகிற மாதத்தில் மொத்தமாகவே செலவாகிறது, அவ்வளவுதான். வேலைக்கெல்லாம் போக வேண்டாம்.

தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு திறந்து, அட்வான்ஸோ விமர்சனக் காசோ எது வந்தாலும் அதில் போடுங்கள், ஒன்றாம் தேதி அதிலிருந்து 38,000 மட்டும் வீட்டுக் கணக்குக்குப் போகட்டும், அதுதான் உங்கள் சம்பளம். அந்தக் கணக்கில் ஆறு மாதச் செலவு, அதாவது 2.28 லட்சம் சேரும்வரை எஸ்ஐபி பேச்சே வேண்டாம். மருத்துவக் காப்பீடு மட்டும் இப்போதே எடுங்கள், உங்களுக்கு எடுத்துத்தர எந்த ஆபீஸும் இல்லை.

அப்புறம் டிடிஎஸ், அதாவது உங்களுக்குப் பணம் தருகிறவர் முன்கூட்டியே பிடித்துக்கொள்ளும் வருமான வரி. 'பிடிச்சாச்சே, இனி எதுக்கு ரிட்டர்ன்' என்று நிறைய பாடலாசிரியர்கள் விட்டுவிடுகிறார்கள். 4.8 லட்சத்துக்கு 10 சதவீதம் என்றால் 48,000. புதிய வரி முறையில் 2025-26க்கு 12 லட்சம் வரை வரி கிடையாது, ஆக அது முழுக்க உங்கள் காசு, ஆனால் ரிட்டர்ன் போட்டால்தான் திரும்பி வரும். பிடித்தவர்கள் உங்கள் பான் எண்ணில் கட்டினார்களா என்று வருமான வரித் துறையின் 26ஏஎஸ் அறிக்கையில் பாருங்கள். வரவில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும் என்கிற 44ஏடிஏ பிரிவில் சினிமாப் பாடலாசிரியர் வருகிறார், விமர்சகர் வரமாட்டார், எனவே இரண்டு வருமானத்தையும் ஆடிட்டரிடம் பிரித்தே கொடுங்கள்.

நீங்கள் கேட்காமல் விட்டது ராயல்டி. 2012இல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. படத்தோடு சேர்ந்து தியேட்டரில் ஓடுவதைத் தவிர மற்ற பயன்பாட்டு ராயல்டியில் பாடலாசிரியருக்குச் சம பங்கு உண்டு, அதை வாரிசுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர யாருக்கும் எழுதிக்கொடுக்க முடியாது. 'சகல உரிமையும்' என்று ஒப்பந்தத்தில் அடித்திருந்தாலும் அந்தப் பங்கு போகாது. பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்களின் காப்புரிமைச் சங்கமான ஐபிஆர்எஸ்ஸில் உறுப்பினராகி ஒவ்வொரு பாட்டையும் பதியுங்கள். பதியாத பாட்டுக்கு யார் கணக்குப் பார்ப்பார்கள்?

விமர்சனத்தை விடாதீர்கள், சீசன் வருமானம் சின்னதானாலும் நிச்சயமானது. உங்கள் பாட்டைப் பாடுகிறவரின் கச்சேரியை மட்டும் எழுதாதீர்கள் (இது பணக் கேள்வி இல்லைதான், ஆனால் பத்திரிகை ஆசிரியருக்குத் தெரிந்தால் அந்தப் பத்தியே போய்விடும்).

அந்த 48,000 வந்ததும் முதலில் நண்பன் கடனை அடையுங்கள். அவர் வாய்விட்டுக் கேட்க மாட்டார், அதனால் சொல்கிறேன்.