ஸ்பிட்டுக்கு பஸ் காசு

அன்புள்ள ஆசிரியருக்கு,

‘ஸ்பிட்’ படம் இங்கே வெளியானபோது, அதற்கு முந்தைய கதையைத் தெரிந்துகொள்ளலாம் என்று 2003இல் வந்த ‘கெட்டின் ஸ்கொயர்’ என்ற ஆஸ்திரேலியப் படத்தைத் தேடிப் பார்த்தேன். நீங்கள் அதை மிகவும் உயர்வாக எழுதியிருந்தீர்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஹெராயினுக்கு அடிமையான ஸ்பிட் என்ற ஒருவனை, அவன் தலைமுடியையும் ஹவாய் செருப்பையும் உளறலையும் காட்டி நம்மைச் சிரிக்க வைக்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் ஒருவர் போதையில் அழிந்ததைக் கண்ணால் பார்த்தவள் நான். என்னால் சிரிக்க முடியவில்லை. இன்னொன்று, திருந்தி வாழப்போகிறோம் என்று தொடங்குகிறவர்கள் கடைசியில் இன்னொரு தில்லுமுல்லு செய்துதான் கரையேறுகிறார்கள். அப்படியானால் திருந்தியதற்கு என்ன அர்த்தம்?

ர.,
பிரிஸ்பேன்

அன்புள்ள ர.,

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதற்குப் பதில் சொன்னால், ஸ்பிட் வரும் இடங்களில் நமக்கு ஏன் சிரிப்பு வருகிறது என்பதும் விளங்கும்.

படத்தை எழுதிய கிறிஸ் நிஸ்ட், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், கோல்ட் கோஸ்ட் நகரில், குற்றவழக்குகளில் குற்றம்சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடும் வக்கீல். ஜெயிலுக்குப் போகிறவர்களையும் வெளியே வந்து தடுமாறுகிறவர்களையும் தொழில் முறையில் பார்த்தவர். அதனால்தான் மனமாற்றத்தைக் காட்ட அவர் ஒரு காட்சியைக்கூடச் செலவழிக்கவில்லை. படத்தின் நாயகன் பாரி பரோலில் வெளியே வரும்போதே மனசு மாறித்தான் வருகிறான். தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும், ஒரு சமையலறையில் வேலை பார்த்துப் பிழைக்க வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை. அவனுக்கு வேலை தரும் பாரிங்டனும் பழைய தொழிலை விட்டு உணவகம் நடத்துகிறவன். திருந்துவதற்கு இவர்கள் தரப்பில் எந்தக் குறையும் இல்லை. விடமாட்டேன் என்கிறவர்கள் மற்றவர்கள்தான்: கைசுத்தமில்லாத போலீஸ்காரன், பழைய கும்பலின் தலைவன், பாரிங்டனின் கணக்கைத் துருவும் குற்ற விசாரணை ஆணையம்.

இதில் சினிமாவுக்காகச் சேர்த்தது குறைவு. ஆஸ்திரேலியச் சிறையில் 14 நாளாவது இருந்துவிட்டு, அரசின் உதவித்தொகை வாங்கும் தகுதியோடு வெளியே வருகிறவருக்கு நெருக்கடிப் பணம் என்று ஒன்று உண்டு. அது ஒரு வாரத்து உதவித்தொகை. வீட்டு வாடகைக்கு முன்பணம் கட்டவும் அது காணாது. குயின்ஸ்லாந்தில் பழைய குற்றங்களைச் சொல்லாமல் இருக்க 1986ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இடம் தருகிறது. ஆனால் 30 மாதத்துக்கு மேல் சிறைத்தண்டனை பெற்றவருக்கு அந்தச் சலுகை எந்தக் காலத்திலும் கிடையாது. பாரி மாதிரி ஒருவன் அறுபது வயதில் வேலை கேட்டுப் போனாலும், பழைய குற்றத்தைக் கேட்டால் சொல்லித்தான் ஆகவேண்டும். அங்கே விடுதலையாகிறவர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் இரண்டே ஆண்டுகளில் மறுபடி சிறைக்குப் போகிறார்கள். இத்தனை பேருக்கும் மனசாட்சி இல்லை என்று நீங்களும் சொல்லமாட்டீர்கள்.

போலீஸ்காரன் விஷயமும் கற்பனையில் பிறந்ததல்ல. 1987இல் டோனி ஃபிட்ஸ்ஜெரால்ட் தலைமையில் குயின்ஸ்லாந்து காவல்துறையின் ஊழலை விசாரிக்க ஒரு ஆணையம் அமைந்தது. சூதாட்ட விடுதிகளிலிருந்தும் விபச்சார விடுதிகளிலிருந்தும் போலீசுக்குப் போன மாமூல் அங்கே ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கடைசியில் போலீஸ் கமிஷனர் டெரி லூயிசுக்கே 1991இல் 14 ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. சட்டத்தின் உச்சியில் இருந்தவரே லஞ்சம் வாங்கி உள்ளே போன ஊர் அது. அங்கே ஒரு முன்னாள் கைதி, போலீஸ்காரனை நம்பி நேர்வழியில் மட்டுமே நடந்து தப்பித்தான் என்று எழுதியிருந்தால், அந்தக் கதையை நான் நம்பியிருக்கமாட்டேன். கடைசித் தில்லுமுல்லு எனக்கு உறுத்தாததற்குக் காரணம் இதுதான். நேர்வழியை அவர்களுக்கு அடைத்துவிட்டு, ஏன் சுற்றுவழியில் வந்தாய் என்று கேட்பது நியாயமாகத் தோன்றவில்லை. காதல் பகுதி படத்தோடு ஒட்டவில்லை என்று நீங்கள் எழுதியிருந்தால் உடனே ஒத்துக்கொண்டிருப்பேன்.

இனி ஸ்பிட். படத்தில் வரும் அந்தக் குற்ற விசாரணை ஆணையத்தின் முன் அவன் சாட்சி சொல்லும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட ஆணையங்களுக்கு அங்கே சாதாரண நீதிமன்றத்துக்கும் இல்லாத அதிகாரம் உண்டு. என் வாயாலேயே நான் மாட்டிக்கொள்வேன் என்று சொல்லி அங்கே மௌனமாக இருக்க முடியாது. பதில் சொல்ல மறுத்தால் அதற்கே சிறை. பொய் சொன்னால் அதற்கும் சிறை. காட்டிக்கொடுத்தால் வெளியே உயிருக்கு ஆபத்து. பெரிய வக்கீல்களை வைத்துக்கொள்ளும் பணக்காரர்களே திணறும் இடம். ஸ்பிட்டிடம் என்ன இருக்கிறது? புரியவில்லை, ஞாபகமில்லை என்ற இரண்டு வார்த்தைகள். மறுப்பது குற்றம், மறந்துபோனதைக் குற்றமென்று நிரூபிப்பது கடினம். இது வக்கீல் ஒருவருக்குத்தான் தெரியும் நுட்பம். அதை அந்தக் கூடத்திலேயே மிக எளியவன் கையில் கொடுத்திருக்கிறார் நிஸ்ட்.

அதற்கு நடுவில் அவன் பஸ் காசு கேட்கிறான். இது என்னை உலுக்கிய இடம். அவன் நடிக்கிறான் என்று தோன்றும். ஆனால் அந்தக் கேள்வி நூறு சதவீதம் உண்மையானது. கூப்பிட்டதால் வந்திருக்கிறான். வீட்டுக்குப் போகக் கையில் காசில்லை. கூப்பிட்டவர்கள் தரவேண்டாமா? கோட்டு போட்ட வக்கீல்கள் அத்தனை பேருக்கும் அன்றைய சம்பளம் யாரோ கொடுக்கிறார்கள். அவன் ஒருவனுக்கு மட்டும் பஸ் கட்டணம் வேடிக்கையாகிறது. அங்கே நான் சிரித்தேன். சிரிப்புக்கு ஆளானவர்கள் பதில் தெரியாமல் விழித்த அந்தப் படித்தவர்கள்.

டேவிட் வென்ஹம் அவனைக் கோமாளியாக நடிக்கவே இல்லை. அவன் உடம்பு எப்போதும் எதையோ தேடிக்கொண்டே இருக்கிறது, கண் யாரையும் நேராகப் பார்ப்பதில்லை, ஆனால் தன்னை யாராவது மட்டமாக நடத்தினால் உடனே தெரிந்துகொள்கிறான். ஆஸ்திரேலியத் திரைப்பட நிறுவனத்தின் சிறந்த நடிகர் விருது அந்த ஆண்டு அவருக்குத்தான். உங்கள் குடும்பத்தில் நடந்ததைப் பார்த்த பிறகு இந்தப் படத்தில் சிரிப்பு வராமல் போவதை நான் முழுமையாக மதிக்கிறேன். சிரிக்கச் சொல்லி உங்களை வற்புறுத்தவும் மாட்டேன். ஆனால் எழுதியவருக்கும் நடித்தவருக்கும் அவன்மேல் இருப்பது பிரியம் என்பதை மட்டும் சொல்லியாக வேண்டும். போதைக்காரனைப் பரிதாபத்துக்குரிய சடலமாகவே காட்டும் படங்கள் அவனுடைய புத்தியைக் கணக்கில் எடுப்பதில்லை. இந்தப் படம் எடுக்கிறது.

2025இல் வந்த இரண்டாம் படத்தில் அவன் கள்ள பாஸ்போர்ட்டில் நாடு திரும்பி, குடிவரவுத் தடுப்பு முகாமில் மாட்டிக்கொள்கிறான். நீங்கள் பிரிஸ்பேனில் இருப்பதால் இது உங்களுக்கு இன்னும் கிட்டத்தில் தெரியும். 2014 டிசம்பர் திருத்தத்துக்குப் பிறகு, குடியுரிமை இல்லாத ஒருவர் 12 மாதமோ அதற்கு மேலோ தண்டனை பெற்றுச் சிறையில் இருந்தால் அவருடைய விசா கட்டாயமாக ரத்தாகிறது. தண்டனை முடிந்த அன்றே அவரைத் தடுப்பு முகாமுக்கு மாற்றலாம். சிறுவயதிலிருந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்த நியூசிலாந்துக்காரர்கள் பலர் இப்படி நாடு கடத்தப்பட்டார்கள். இவர்களுக்கு அங்கேயே திருந்தி வாழும் வாய்ப்பு இல்லாமல் போயிற்று. எந்தக் குற்றமும் செய்யாதவர்களும் அதே முகாம்களில்தான் இருந்தார்கள். உங்கள் மாநிலத்தின் பிலோயிலா ஊரிலிருந்து 2018 மார்ச்சில் விடியற்காலையில் தூக்கிப்போன ஈழத்தமிழ்க் குடும்பம், இரண்டு சின்னப் பெண்குழந்தைகளோடு, ஊர்க்காரர்கள் விடாமல் போராடியதால் 2022 ஜூனில்தான் வீடு திரும்பியது. ஸ்பிட் தன் நிஜப் பெயரைச் சொன்னால் அந்த முகாமிலிருந்து வெளியே வந்துவிடலாம். அவன் அந்த நாட்டுக்காரன். பக்கத்துப் படுக்கையில் இருப்பவர்கள் முதல் நாளே உண்மையைச் சொன்னவர்கள். முதல் படத்தைவிட இரண்டாவதைப் பற்றித்தான் உங்கள் கருத்தை அறிய ஆசைப்படுகிறேன். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்