குத்தகைக்கு உழுகிறவருக்கு பிஎம் கிசான் பணம் ஏன் வருவதில்லை?

பத்து வருடமாகக் குத்தகை நிலத்தில் சாகுபடி செய்யும் உங்கள் மாமா பிஎம் கிசானுக்கு, அதாவது மத்திய அரசு விவசாயிகளின் வங்கிக் கணக்கில் போடும் உதவித்தொகைக்கு, போட்ட விண்ணப்பம் தள்ளுபடியாகிவிட்டது, திரும்பப் போட்டால் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்காது. இ-சேவை மையத்துக்கு எத்தனை தடவை அலைந்தாலும் கிடைக்காது, ஏனென்றால் அந்தத் திட்டம் பார்ப்பது பட்டாவில் யார் பெயர் இருக்கிறது என்பதைத்தான், வயலில் யார் நிற்கிறார் என்பதை அல்ல. 2019-ல் தொடங்கியபோது 2 ஹெக்டேர் வரை நிலம் உள்ளவர்களுக்கு மட்டும் என்றார்கள், சில மாதத்திலேயே அந்த வரம்பை எடுத்துவிட்டு எல்லா நில உடைமையாளருக்கும் என்று மாற்றினார்கள். குத்தகைக்காரரை மட்டும் அன்றும் சேர்க்கவில்லை, இன்றும் சேர்க்கவில்லை. கோயில் நிலம் என்றால் இன்னும் மோசம்: கோயில் ஒரு நிறுவனம் என்பதால் அதற்கும் பணம் கிடையாது, உழுகிறவருக்கும் கிடையாது. டெல்டாவில் கோயில், மட நிலங்கள் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும்.

இதை நான் எதிர்ப் பக்கத்திலிருந்து பார்த்தவன். மன்னார்குடி பக்கத்தில் எங்களுக்கு நாலு மா நிலம், பட்டா அப்பா பெயரில். அப்பா டவுனில் கடை வைத்திருக்கிறார், வயலில் இறங்கி இருபது வருடம் ஆகிறது. சாகுபடி செய்கிறவரை நான் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவேன். 2020 டிசம்பர் கடைசியில் அப்பா போனுக்கு 2000 ரூபாய் வரவு என்று மெசேஜ் வந்தது. அடுத்த மூன்று வாரத்தில், பொங்கல் சமயத்தில், அந்தப் பருவம் தப்பிய மழை. அறுப்புக்கு நின்ற சம்பா அப்படியே தண்ணீரில் சாய்ந்துவிட்டது. நான் போனபோது சித்தப்பா ஒரு கதிரை நீரிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார், ஒவ்வொரு நெல்லிலும் வெள்ளையாக முளை விட்டிருந்தது. விதை, உரம், நடவுக் கூலி எல்லாம் அவர் கடன். விவசாயிக்கு என்று அரசு அனுப்பிய பணம் மட்டும் அப்பா கணக்கில். அன்றைக்கு எனக்கு வந்த கூச்சம் இன்னும் போகவில்லை.

தகுதியில்லாதவர்கள் புகுந்துவிடுவார்கள், அதனால்தான் பட்டா கேட்கிறார்கள் என்று சிலர் சொல்வார்கள். 2020-ல் கள்ளக்குறிச்சி, கடலூர், விழுப்புரம் என்று பல மாவட்டங்களில் விவசாயியே இல்லாதவர்கள் லட்சக்கணக்கில் சேர்க்கப்பட்டு, சுமார் 110 கோடி ரூபாய் போனது, பட்டா கேட்கிற இதே திட்டத்தில்தானே? ஒடிசாவில் காலியா திட்டத்தில் குத்தகைக்காரரையும் நிலமில்லாதவரையும் சேர்த்தார்கள், ஆந்திராவில் 2019-ல் கொண்டுவந்த ரைத்து பரோசாவிலும் குத்தகைக்காரர்களில் ஒரு பகுதியினருக்குக் கொடுத்தார்கள். மனசு இருந்தால் வழி இருக்கிறது.

சரி, உங்கள் மாமா இப்போது செய்ய வேண்டியது, கிசான் பணத்தை விட்டுவிட்டு அடங்கலை, அதாவது எந்த நிலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார் என்ற கிராமப் பதிவை, பிடிப்பது. விஏஓ தரும் அடங்கலில் சாகுபடி செய்கிறவர் என்று அவர் பெயர் ஏறினால் பயிர்க் காப்பீடு, வெள்ள நிவாரணம், கொள்முதல் நிலையத்தில் நெல் போடுவது எல்லாவற்றுக்கும் அதுதான் ஆதாரம். 2021 மழைக்கு அரசு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் என்று அறிவித்தது, அதோடு வைத்துப் பார்த்தால் கிசான் பணம் சின்னத் தொகை. தடை எங்கே வருமென்றால் நிலக்காரரிடம்தான். 1955-ன் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும் 1969-ன் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டமும் குத்தகைக்காரருக்கு உரிமை கொடுப்பதால், பெயர் எழுதினால் நிலம் போய்விடும் என்று பயப்படுவார்கள், வாய்ப்பேச்சிலேயே குத்தகையை ஓட்டுவார்கள். எங்கள் அப்பாவும் அப்படித்தான் இரண்டு வருடம் பிடி கொடுக்கவில்லை. அம்மாதான் ஒரு நாள் சாப்பாடு போட்டுக்கொண்டே, "வெள்ளத்துல போனது அவன் பயிரா நம்ம பயிரா" என்று கேட்டார். அந்த வருடச் சம்பாவுக்கு விஏஓவிடம் சித்தப்பாவை அப்பாவே கூட்டிக்கொண்டு போனார், காப்பீட்டு ரசீது முதல் முறையாகச் சித்தப்பா பெயரில் வந்தது.