வாசகர் கேட்டவை: ஆய்வேடு ஒன்று, புகழ் வேறொன்று

இயற்பியல் முதுகலை மாணவி, திருநெல்வேலி: கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்ய விரும்புகிறேன். அங்கே பயன்பாட்டுக் கணிதத்தையும் கோட்பாட்டு இயற்பியலையும் ஒரே துறையாக வைத்திருப்பது ஏன்? நம் கல்லூரிகளில் கணிதத் துறையும் இயற்பியல் துறையும் ஒன்றை ஒன்று எட்டிப் பார்ப்பதுகூட இல்லையே!

கேம்பிரிட்ஜில் இயற்பியல் என்றால் முதலில் நினைவுக்கு வருவது 1874இல் திறக்கப்பட்ட கவெண்டிஷ் ஆய்வகம். ஆனால் தாளும் பேனாவும் கொண்டு இயற்கையை ஆராய்ந்தவர்கள் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே கணிதப் புலத்தைச் சேர்ந்தவர்களாக இருந்தார்கள். நியூட்டன் வகித்த லூக்காசியன் கணிதப் பேராசிரியர் பதவியைப் பாருங்கள்: 1849 முதல் 1903 வரை அதில் இருந்த ஸ்டோக்ஸ், பிசுபிசுப்புள்ள பாய்மங்களின் ஓட்டத்தை விளக்கும் சமன்பாடுகளுக்காக அறியப்படுபவர், 1932 முதல் 1969 வரை இருந்த டிராக், எலெக்ட்ரானின் சமன்பாட்டுக்காக அறியப்படுபவர். நீரோட்டமும் எலெக்ட்ரானும் ஒரே நாற்காலிக்கு உரியவையாக இருந்த ஊரில் இரண்டையும் ஒரே துறையாக்கியதில் வியப்பில்லை. மெல்போர்னிலிருந்து வந்து, ஜி.ஐ. டெய்லரிடம் கொந்தளிப்பு ஓட்டத்தைப் பற்றி ஆய்வு செய்து பட்டம் பெற்ற ஜார்ஜ் பேட்செலர்தான் 1959இல் அந்தத் துறையை உருவாக்கியவர். கணிதத் துறை என்று பெயர் இருந்தாலும், நீர்த்தொட்டிகளில் அலைகளை எழுப்பிப் பார்க்கும் ஓர் ஆய்வகமும் அதற்கு உண்டு. கருந்துளையைக் கணக்கிடும் மாணவரும் பனிப்பாறை உருகுவதைக் கணக்கிடும் மாணவரும் அங்கே ஒரே துறையினர். இருவர் கையிலும் இருப்பவை வகைக்கெழுச் சமன்பாடுகளே.

ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், கும்பகோணம்: சுப்பிரமணியன் சந்திரசேகர் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றது 'சந்திரசேகர் எல்லை' பற்றிய ஆய்வுக்காகத்தானே? மாணவர்களுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்து வந்தேன்.

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், உண்மை வேறு. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930ஆம் ஆண்டு ஜூலை இறுதியில் பம்பாயில் கப்பல் ஏறியபோது சந்திரசேகருக்கு வயது 19. வெண்குள்ள விண்மீன்களைப் பற்றிக் கேம்பிரிட்ஜ் இயற்பியலர் ரால்ஃப் ஃபௌலர் 1926இல் எழுதிய கட்டுரையை அவர் முன்பே படித்திருந்தார். எரிபொருள் தீர்ந்த விண்மீன் தன் எடையாலேயே நசுங்கிவிடாமல் எலெக்ட்ரான்களின் குவாண்டம் அழுத்தம் தாங்கிக்கொள்கிறது என்பது ஃபௌலரின் விளக்கம். அவ்வளவு அடர்த்தியில் எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்குமே, அப்போது சிறப்புச் சார்பியலைச் சேர்க்க வேண்டாமா என்ற கேள்வியோடு கப்பலில் கணக்குப் போட்ட இளைஞருக்கு, ஒரு குறிப்பிட்ட நிறைக்கு மேல் அந்த அழுத்தம் தாங்காது என்ற விடை கிடைத்தது. 1931இல் அமெரிக்காவின் வானியற்பியல் இதழில் அது வெளிவந்தது. இன்று நாம் சொல்லும் அளவு, சூரியனின் நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு.

ஆனால் 1933இல் அவருக்குப் பட்டம் வாங்கித் தந்தது இந்த விடை அன்று. அவருடைய ஆய்வேடு, தன் ஈர்ப்பாலேயே திரண்டு நிற்கும் வாயுக்கோளம் சுழலும்போது எப்படி உருத் திரிகிறது என்பதைப் பற்றியது. அழுத்தத்துக்கும் அடர்த்திக்கும் எளிய ஓர் அடுக்குத் தொடர்பு இருப்பதாகக் கொண்டு செய்யப்படும், உழைப்பு மிகுந்த, எவரையும் கோபப்படுத்தாத கணக்கு அது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எல்லை பற்றிய கருத்தைத்தான் 1935ஆம் ஆண்டு ஜனவரி 11 அன்று லண்டனில் அரசு வானியல் கழகக் கூட்டத்தில் அக்காலத்தின் பெயர்பெற்ற வானியற்பியலர் எடிங்டன் எல்லோர் முன்னிலையிலும் எள்ளி நகையாடினார். பட்டமும் டிரினிட்டி கல்லூரியின் ஆய்வுறுப்பினர் பதவியும் கைக்கு வந்துவிட்ட பிறகு அந்த அடியைத் தாங்குவது வேறு, பட்டத்தையே அதன்மேல் பணயம் வைத்திருந்து தாங்குவது வேறு.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி பின்னால் வருகிறது. ஆய்வேட்டோடு மறந்துபோயிருக்க வேண்டிய அந்தச் சுழலும் கோளங்களை 1960களில் சந்திரசேகர் மீண்டும் கையில் எடுத்தார். அதன் விளைவாக 1969இல் ஒரு முழு நூலே வந்தது. அடுத்த ஆண்டு, வேகமாகச் சுழலும் விண்மீன் ஈர்ப்பலைகளை உமிழ்வதாலேயே நிலைகுலையக்கூடும் என்று காட்டினார். நியூட்ரான் விண்மீன்களை ஆராய்பவர்களுக்கு இன்றும் அது தேவைப்படுகிறது.

வாசகர், கோயம்புத்தூர்: ஸ்டீஃபன் ஹாக்கிங்கின் ஆய்வேட்டை இணையத்தில் யாரும் படிக்கலாம் என்கிறார்கள். பொறியியல் படித்த எனக்குப் புரியுமா? அதில் எல்லாமே சரியானவைதானா?

2017 அக்டோபரில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அதைப் பொதுவில் வைத்த அன்றே, கூட்டம் தாங்காமல் அந்த இணையதளம் முடங்கிப்போனது. தட்டச்சுப் பக்கங்களுக்கு நடுவே கையால் எழுதிச் சேர்த்த சமன்பாடுகளைப் பார்ப்பதற்காகவே ஒருமுறை திறந்து பாருங்கள். புரிவதைப் பொறுத்தவரை, வளைந்த வெளியைக் கணக்கிட உதவும் டென்சார் கணிதம் தெரியாமல் முதல் சில பக்கங்களைத் தாண்டுவது கடினம்; முன்னுரையும் ஒவ்வோர் இயலின் தொடக்கமும் மட்டும் போதும் என்றால் படிக்கலாம்.

'விரிவடையும் அண்டங்களின் பண்புகள்' என்ற பொருள்படும் தலைப்புடைய அந்த ஏட்டில் நான்கு இயல்கள் உள்ளன. முதல் இயல், ஃபிரெட் ஹாயிலும் ஜயந்த் நார்லிகரும் முன்வைத்த ஈர்ப்புக் கோட்பாடு விரிவடையும் அண்டத்துக்குப் பொருந்தாது என்று காட்டுகிறது. ஹாக்கிங் 1962இல் கேம்பிரிட்ஜ் வந்ததே ஹாயிலிடம் மாணவராகும் எண்ணத்தோடுதான். கிடைத்த நெறியாளர் டென்னிஸ் ஷியாமா. அந்த ஏமாற்றம் நல்லதாகவே முடிந்தது என்பது என் கருத்து, ஏனென்றால் ஷியாமா தன் மாணவர்களை ஊர் ஊராக உரைகளுக்கு அனுப்பி, பிறர் செய்வதைக் கேட்க வைத்தவர். மூன்றாம் இயல் ஈர்ப்பலைகளைப் பற்றியது. ஏட்டைப் புகழ் பெறச் செய்தது நான்காவது. நசுங்கும் விண்மீன், அறிந்த இயற்பியல் விதிகள் செல்லாமல் போகும் ஓர் ஒருமைப்புள்ளியில் முடிந்தே தீர வேண்டும் என்று ரோஜர் பென்ரோஸ் 1965 தொடக்கத்தில் வெளியிட்ட நிரூபணத்தை ஹாக்கிங் கால ஓட்டத்தைத் திருப்பிப் போட்டு அண்டம் முழுமைக்கும் பொருத்தினார்: சில நிபந்தனைகளின் கீழ், விரிவடையும் அண்டத்துக்குப் பின்னால் ஓர் ஒருமைப்புள்ளி இருந்தாக வேண்டும். ஆய்வில் சேர்ந்து இரண்டாண்டுகளுக்கும் மேலான பிறகே பென்ரோஸின் முடிவு வந்தது என்பதைக் கவனியுங்கள். சேர்ந்த நாளில் இந்த இயலை எவராலும் திட்டமிட்டிருக்க முடியாது.

எல்லாம் சரியா என்று கேட்டீர்கள். இரண்டாம் இயல், தொடக்கத்தில் சிறியனவாக இருந்த அடர்த்தி வேறுபாடுகள் வளர்ந்து விண்மீன் மண்டலங்கள் ஆகியிருக்க முடியாது என்ற முடிவுக்கு வருகிறது. இன்றைய அண்டவியலோ, லட்சத்தில் ஒரு பங்கு அளவிலான வேறுபாடுகள், ஒளி உமிழாத கரும்பொருளின் ஈர்ப்புத் துணையோடு வளர்ந்தே மண்டலங்கள் உருவாயின என்கிறது. 1992இல் கோபி (COBE) செயற்கைக்கோளின் அளவீடுகள் அந்தச் சிறு வேறுபாடுகளைக் காட்டின. கரும்பொருளின் பங்கு 1965இல் தெரியாது என்பதால் அன்று கையில் இருந்ததை வைத்துச் செய்த கணக்கை யாரும் குறை சொல்வதில்லை.

ஒரு தந்தை, யாழ்ப்பாணம்: என் மகள் கோட்பாட்டு இயற்பியலில் ஆய்வு செய்யப் போகிறாள். தலைப்பை இன்னும் முடிவு செய்யவில்லை என்கிறாள். முன்கூட்டியே தீர்மானிப்பது நல்லதல்லவா?

டிராக்கைப் பற்றிச் சொல்கிறேன். பிரிஸ்டலில் மின்பொறியியலும் பிறகு கணிதமும் படித்த அவர், 1923இல் கேம்பிரிட்ஜில் ஃபௌலரிடம் சேர்ந்தார். ஆம், சந்திரசேகருக்கு நெறியாளராக இருந்த அதே ஃபௌலர். இரண்டாண்டுகள் சிறுசிறு கணக்குகளாகச் செய்துகொண்டிருந்தார். 1925இல் குவாண்டம் கோட்பாடு பற்றிய ஹைசன்பெர்கின் கட்டுரை அச்சாகும் முன்பே அதன் படி ஃபௌலர் வழியாக அவர் கைக்கு வந்தது. அதில் பெருக்கலின் வரிசையை மாற்றினால் விடை மாறுகிறது என்பது டிராக்கின் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடைப்பயிற்சியின்போது, கோள்களின் இயக்கத்தைக் கணக்கிடும் பழைய இயக்கவியலில் வரும் பாய்சான் அடைப்புகள் என்ற கணிதக் கோவைகள் நினைவுக்கு வந்தன. அவை சரியாக எப்படி இருக்கும் என்பது நினைவில்லை. நூலகமோ பூட்டிக் கிடந்தது. திங்கள் காலை திறந்ததும் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார், பெருக்கல் வரிசையால் வரும் வேறுபாடும் அந்த அடைப்புகளும் பொருந்தின. அடுத்த ஆண்டே 'குவாண்டம் இயக்கவியல்' என்ற தலைப்பில் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டார். அவர் சேர்ந்த 1923இல் அந்தப் பெயரில் ஓர் அறிவியல் பிரிவே இல்லை.

ஆகவே உங்கள் மகள் இப்போது தேர்ந்தெடுக்க வேண்டியவர் நெறியாளர். மாணவரோடு வாரம் ஒருமுறையாவது உட்கார்ந்து பேசுகிறாரா, முன்பு அவரிடம் படித்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று விசாரிக்கச் சொல்லுங்கள். சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தையும் பார்க்கலாம். 1962 ஜனவரியில் அதைத் தொடங்கி வைத்தவர் சந்திரசேகரே.

ஆய்வு மாணவர், திருச்சி: அங்கும் நம் ஊரைப்போல ஊரைக் கூட்டித்தான் வாய்மொழித் தேர்வு நடக்குமா?

இல்லை. அழைப்பிதழ், சால்வை, தேநீர் எதுவும் கிடையாது. கதவைச் சாத்திக்கொண்டு, துறைக்குள்ளிருந்து ஒருவரும் வெளியிலிருந்து ஒருவருமாக இரு தேர்வாளர்கள் ஆய்வேட்டைப் புரட்டிப் புரட்டிக் கேட்பார்கள். சில மணி நேரம் நீளலாம். முடிந்த பிறகு திருத்தங்களின் பட்டியலோடுதான் பெரும்பாலோர் வெளியே வருகிறார்கள்.