செண்ட், டேக், ஃபெட்ச்: ஏர்போர்ட்டுக்கு யார் வருகிறார்?

வணக்கம். லண்டனிலிருந்து வந்த மேலாளருக்கு 'ஐ வில் செண்ட் யூ டு கேஎல்ஐஏ' (கோலாலம்பூர் ஏர்போர்ட்) என்று எழுதினீர்கள், அவர் 'யாரோடு அனுப்புகிறீர்கள்?' என்று திருப்பிக் கேட்டார் என்றீர்கள். கிண்டலாக இருக்காது. அவருடைய ஆங்கிலத்தில் செண்ட் என்றால் நீங்கள் கூட வரவில்லை. ஓட்டுநரோ, ஆப்பில் அழைக்கும் கிராப் வாடகைக் காரோதான் வரும். நீங்களே ஓட்டுவதானால் டேக் அல்லது டிரைவ். வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பினால் டிராப்.

நம் மலேசியாவில் இது குழம்புவதற்கு மலாய் மொழியும் ஒரு காரணம். பார்சல் அனுப்பினாலும் ஹந்தார்தான், ஆளைக் கொண்டுபோய் விட்டாலும் ஹந்தார்தான். தமிழில் யோசித்தாலே பாதிச் சிக்கல் தீரும்: 'அனுப்பு' வேறு, 'கொண்டுபோய் விடு' வேறு.

ஃபெட்சில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். அது போய்க் கூட்டிக்கொண்டு வருவது. போக்கும் வரவும் சேர்ந்தது. பங்சார் ஹோட்டலுக்குப் போய் அவரை ஆபீசுக்கு அழைத்து வந்தால் ஃபெட்ச் சரி. ஆபீசிலிருந்து ஏர்போர்ட்டுக்கு 'ஃபெட்ச் யூ' என்று நம் ஆட்கள் எழுதுவது அவருக்கு விநோதமாகப் படும். அமெரிக்கர் என்றால் பிக் அப் போதும். ஃபெட்ச் என்றதும் அவர்களுக்கு நாய் குச்சியைக் கவ்வி வருவதுதான் ஞாபகம் வரும்.

அப்புறம் 'கேன் ஐ ஃபாலோ யூ?' இது மலாய்ச் சொல் 'இகுட்'டின் வேலை: பின்னால் வந்தாலும் இகுட்தான், கூட வந்தாலும் இகுட்தான். நீங்கள் அவர் காரில் ஏறிக்கொள்ளக் கேட்கிறீர்கள். அவரோ பின்னால் தனிக் காரில் வரப்போகிறீர்கள் என்று நினைப்பார். 'கம் வித் யூ' என்று கேளுங்கள். ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் பழையபடியே எழுதலாம், அங்கே யாருக்கும் குழப்பம் இல்லை.