கேளுங்க சொல்றேன்: கட்டாந்தரைக்கு எந்த ஸ்டட்ஸ்?

ரெண்டு வருஷமா பெசன்ட் நகர் பீச்சுல அல்டிமேட் ஃப்ரிஸ்பீ (தட்டு எறிஞ்சு ஆடுற டீம் ஆட்டம்) ஆடுறேன், மணல்ல வெறுங்கால்தான். அடுத்த மாசம் முதல் தடவையா புல் கிரவுண்டுல டோர்னமென்ட். கடையில போய்க் கேட்டா ஃபுட்பால் ஸ்டட்ஸ்லயே, அதான் அடியில முளை வச்ச ஷூ, நாலு வகை எடுத்துப் போடுறாங்க, ஒண்ணும் புரியல. எதை வாங்கட்டும்?
(கல்லூரி மாணவி, வேளச்சேரி)

தங்கச்சி, கடைக்குப் போறதுக்கு முன்னாடி அந்த கிரவுண்டுக்கு ஒரு நடை போயிட்டு வா. ஸ்கூட்டி சாவியை எடுத்து தரையில குத்திப் பாரு. சாவி சிரமமில்லாம இறங்குச்சுன்னா ஒரு வகை, டக்குனு முட்டிக்கிட்டு நின்னுச்சுன்னா வேற வகை, மிச்சதெல்லாம் கலரும் பேரும்தான்.

அந்த டப்பாவுல போட்டிருக்கிற எழுத்தைப் பாரு. எஃப்ஜின்னா சாதாரண புல் தரைக்கு, அடியில பத்துப் பன்னெண்டு பிளாஸ்டிக் ஸ்டட் இருக்கும். எஸ்ஜி சேறான தரைக்கு, ஸ்டட் கம்மி ஆனா நீளம், பெரும்பாலும் நுனியில இரும்பு. ஏஜி செயற்கைப் புல்லுக்கு, ஸ்டட் குட்டையா நெருக்கமா இருக்கும். டிஎஃப்ன்னா அடி முழுக்க சின்னச் சின்ன ரப்பர் முளை. ‘புல் கிரவுண்டு’ன்னு நோட்டீஸ்ல போடுறாங்களே ஒழிய நம்ம ஊர்ல ஏப்ரல் மே மாசத்துல பாதி கிரவுண்டு செம்மண் கட்டாந்தரையாத்தான் கெடக்கும், ஓரத்துல மட்டும் கொஞ்சம் அருகம்புல். அதுல எஃப்ஜி போட்டா ஸ்டட் உள்ள இறங்காது, உன் மொத்த எடையும் அந்தப் பத்துப் பன்னெண்டு புள்ளி வழியா பாதத்துல ஏறும், ரெண்டாவது மேட்ச்சுலயே கூழாங்கல்லு மேல நடக்குற மாதிரி ஆயிடும். நான் என் முதல் ஜோடியா தள்ளுபடியில கெடைச்சுதேன்னு எஸ்ஜியை வாங்கிட்டு வந்தவன், கடைக்காரர் ‘எல்லா தரைக்கும் ஆகும் தம்பி’ன்னாரு, மூணு நாள் குதிகாலைத் தரையில வைக்க முடியல. அதனால சாவி இறங்கலைன்னா யோசிக்காம டிஎஃப் வாங்கு, இறங்குச்சுன்னா எஃப்ஜி.

இன்னொண்ணு, இது நிறைய பேர் கவனிக்காதது. ஃபுட்பால் ஷூவுல விலை ஏற ஏற மேல்துணி மெல்லிசாகும், ஏன்னா பந்து கால்ல படுறது தெரியணும். நீ எதையும் உதைக்கப் போறதில்ல! டிஸ்க், அதான் அந்தத் தட்டு, கையில இருக்கிறவங்க ஓட முடியாது, ஒரு காலை ஊணிக்கிட்டு எறியணும், டீம்ல மிச்ச ஆறு பேரும் 37 மீட்டர் அகலத்துல வெட்டி வெட்டி, அதாவது சட்டு சட்டுனு திசை மாத்தி ஓடி இடம் உண்டாக்கணும், அவ்ளோதான் ஆட்டம். அப்போ உனக்கு வேண்டியது பக்கவாட்டுல கால் வழுகாம புடிச்சுக்கிற கெட்டியான மேல்பாகம். அதனால அஞ்சாயிரம் பத்தாயிரத்துக்குப் போகாத, ஜலந்தர்ல இருந்து வர்ற நிவியா மாதிரி கம்பெனியிலயே கீழ் ரகம் தாராளமாப் போதும். அமெரிக்காவுல நிறைய அல்டிமேட்காரங்க அவங்க ஊர் ஃபுட்பால், லக்ராஸ் ஷூ போடுவாங்க, அதுல விரல் நுனிக்கு நேர் கீழயும் ஒரு ஸ்டட் இருக்கும், முதல் அடி எடுத்து வைக்கும்போது நல்லாக் கவ்வும். இங்க அதை வரவழைக்கிற செலவுக்கு ரெண்டு ஜோடி வாங்கிடலாம்.

போட்டுப் பார்க்கிறது சாயங்காலமா இருக்கட்டும், காலையில விட கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். மேட்ச் சாக்ஸையும் எடுத்துட்டுப் போ. வலது கைன்னா இடது கால்தானே ஊணு கால், கடையிலயே இடது காலை ஊணி வலது பக்கம் நல்லா எட்டி வச்சு ஃபோர்ஹேண்ட் எறியற மாதிரி குனிஞ்சு பாரு, கடைக்காரர் பார்த்தா பார்க்கட்டும். குதிகால் உள்ள தூக்குச்சுன்னா வேணாம். சுண்டுவிரல் பக்கம் பாதம் அடியட்டையைத் தாண்டி வெளிய பிதுங்குச்சுன்னாலும் வேணாம்.

கடைசியா, புது ஷூவோட நேரா டோர்னமென்ட்டுக்குப் போயிடாத. மணல்ல வெட்டும்போது மணலே ஒதுங்கிக் குடுக்கும், அது உனக்குப் பழகிப்போச்சு. ஸ்டட் போட்ட கால் ஒதுங்காது, நின்னுடும், உடம்பு மட்டும் திரும்பும். ஒரே பெரிய அடியா நிக்காம நாலஞ்சு சின்ன அடி வச்சு வேகத்தைக் கொறச்சுட்டுத் திரும்பப் பழகு, ரெண்டு வாரம் போதும்.

பிளேடு மாதிரி ஸ்டட் நல்லதா, உருண்டை ஸ்டட் நல்லதா? எனக்கு ஏற்கெனவே ஏசிஎல் (முட்டிக்குள்ள இருக்கிற நார்) ஆபரேஷன் ஆயிருக்கு, டாக்டர் திரும்ப ஆடலாம்னு சொல்லிட்டாரு, பயம் எனக்குத்தான்.
(வாசகி, திருச்சி)

பயம் நியாயமானதுதாங்க. உருண்டை ஸ்டட்டே எடுங்க. பிளேடு ஓட்டத்துல நல்லா கவ்வும், ஆனா ஊணின கால் மேல உடம்பு சுழலும்போது அது சுலபமா விடாது, உருண்டை கொஞ்சம் விட்டுக்குடுக்கும். அந்தக் கொஞ்சம்தான் முட்டிக்கு வேணும். அமெரிக்காவுல 1989ல இருந்து 1991 வரைக்கும் ஹைஸ்கூல்ல அவங்க ஊர் ஃபுட்பால் ஆடுற 3,119 பசங்களை நாலு வகை ஷூ வச்சு கவனிச்சாங்க, முடிவு 1996ல வந்துச்சு. அடியட்டையோட ஓரத்துல நீளமும் நடுவுல குட்டையுமா ஸ்டட் வச்ச ஒரு டிசைன்தான் சுழலும்போது ரொம்பப் புடிச்சுச்சு, ஏசிஎல் கிழிஞ்சதும் அதைப் போட்டவங்களுக்குத்தான் அதிகம். பொண்ணுங்களுக்கு இந்தக் காயம் பசங்களை விட அதிகமா வருதுங்கிறதும் தெரிஞ்ச விஷயம். ஆனா ஷூ மட்டும் காப்பாத்தாதுங்க, பிசியோ சொல்லிக்குடுத்த பின்தொடைப் பயிற்சியை ஆபரேஷன் ஆகி ஒரு வருஷம் ஆச்சேன்னு விட்டுடாதீங்க, எல்லாரும் அங்கதான் விடுறாங்க.

பையனுக்கு 12 வயசு. வளர்ற புள்ளைன்னு ரெண்டு சைஸ் பெருசா ஸ்டட்ஸ் வாங்கினேன். இப்ப ஆடிட்டு வந்தா குதிகால் வலிக்குதுங்கிறான். ஸ்கூலுக்குப் போகாம இருக்க சாக்கா?
(ஓர் அம்மா, கோவை)

சாக்கு இல்லீங்கம்மா. இந்த வயசுல குதிகால் எலும்பு இன்னும் வளர்ந்துக்கிட்டு இருக்கும், அந்த வளர்ற இடத்தைத்தான் கெண்டைச்சதையோட தசைநார் பின்னாடி புடிச்சு இழுக்குது, ஓடிக் குதிக்கிற பசங்களுக்கு எட்டுல இருந்து பதினாலு வயசுக்குள்ள இந்த வலி ரொம்ப சகஜம். கட்டாந்தரையில ஸ்டட்ஸ் போட்டா இன்னும் மோசமாகும். ரெண்டு சைஸ் பெருசுங்கிறது தீபாவளிச் சட்டைக்கு சரி. ஷூன்னா உள்ள கால் முன்ன பின்ன ஓடும், மடங்கவேண்டிய இடத்துல ஷூ மடங்காது. முன்னாடி ஒரு கட்டைவிரல் அகலம் இருந்தாப் போதும். கொஞ்ச நாள் ஸ்டட்ஸை எடுத்து வச்சுட்டு டிஎஃப் இல்லேன்னா சாதா ஓட்ட ஷூவுல ஆடட்டும், வலி அதிகமா இருந்தா ஓய்வு குடுங்க. ரெண்டு மூணு வாரத்துல கொறையலைன்னாலோ நொண்டினாலோ எலும்பு டாக்டர்கிட்ட காட்டிடுங்க.

கிரிக்கெட் ஸ்பைக்ஸ் வீட்ல சும்மா கெடக்கு. அதையே ஃப்ரிஸ்பீக்குப் போட்டுக்கலாமா?
(வாசகர், சேலம்)

கூடாது சார். இரும்பு ஆணி. டிஸ்க்குக்கு ரெண்டு பேர் சேர்ந்து பாயுற ஆட்டம் இது, யார் கால் மேல யார் இறங்குவாங்கன்னு தெரியாது.

இடது ஷூ மட்டும் முன்னாடி வாயைப் பொளந்துக்குது. ஃபெவிக்விக் போட்டேன், ஒரு மேட்ச்சுக்குத்தான் தாங்குச்சு.
(வாசகர், மதுரை)

இடதுன்னா ஊணு கால், எறியும்போது பெருவிரல் பக்கம் தரையில தேயுது, என்னோடதும் எப்பவும் அங்கதான் போகும். ஃபெவிக்விக் காய்ஞ்சா கண்ணாடி மாதிரி விறைச்சுக்கும், ஷூ மடங்கும்போது விரிஞ்சுடும். பஸ் ஸ்டாண்டு வாசல்ல உக்காந்திருக்கிற செருப்பு தைக்கிறவர்கிட்ட குடுங்க, சொல்யூஷன் போட்டு ஒட்டி, அடியட்டையோட சேர்த்து சுத்தி நைலான் நூல்ல தைக்கச் சொல்லுங்க. புது ஷூ வாங்கினாலும் ஆடுறதுக்கு முன்னாடியே தச்சு வாங்கிடுங்க, அவர் ‘புதுசாச்சே, எதுக்கு சார்?’னு கேப்பாரு, பரவாயில்ல. மழையில நனைஞ்சா வெயில்ல காய வைக்காதீங்க, பசை விட்டுடும். பேப்பரைக் கசக்கி உள்ள திணிச்சு ஃபேனுக்குக் கீழ வைங்க, ராத்திரி ஒரு தடவை பேப்பரை மாத்துங்க.