கப்பல் விட்டுவிட்டுப் போய்விடுமோ என்ற பயம்

அன்புள்ள மேடம்,

எனக்கு 43 வயது. நியூ ஜெர்சியில் இருக்கிறோம். கணவர் ஐ.டி. வேலையில் இருக்கிறார். ஒரே மகள், எட்டாம் வகுப்பு படிக்கிறாள். போன ஏப்ரல் பள்ளி விடுமுறையில் புவேர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானிலிருந்து கரீபியன் தீவுகளைச் சுற்றிவரும் கப்பலில் போனோம். அதில் ஒரு நாள் டொமினிக்காவின் தலைநகரான ரோசோவில் கப்பல் நின்றது. டொமினிக்கன் ரிபப்ளிக் வேறு. இது முழுக்க மலையும் காடுமான குட்டித் தீவு.

மாலை நாலரைக்குள் எல்லோரும் திரும்பி ஏறிவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். டாக்ஸி பிடித்து டிராஃபால்கர் அருவிக்குப் போகலாம் என்றார் கணவர். இறங்கிக் கொஞ்ச தூரம்தான் நடந்திருப்போம். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது, கை சில்லிட்டது, நாக்கு ஒட்டிக்கொண்டது. மலைப்பாதையில் வண்டி நின்றுவிட்டால்? கப்பல் போய்விட்டால்? பாஸ்போர்ட் கேபின் லாக்கரில் இருக்கிறது, கையில் கப்பல் கார்டு மட்டும்தான். போனையும் கணவரின் வாட்சையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். முடியவில்லை. "நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுக் கப்பலுக்குத் திரும்பினேன். மேல்தளத்தில் உட்கார்ந்து, கரையிலிருந்து கப்பலில் ஏறும் பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் இரண்டு மணிக்கெல்லாம் வந்துவிட்டார்கள். ஈர முடியும் சிரிப்புமாக வந்த மகள், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லைம்மா, நீ வரலைன்னா எங்களுக்குப் பழகிடுச்சு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

விமான நிலையத்துக்கும் நான் அஞ்சு மணி நேரம் முன்னாடியே போய்விடுவேன். கிரீன் கார்டு வரும்வரை, கணவரின் வேலை விசாவைச் சார்ந்த ஹெச்4 விசாவில் இருந்தேன். ஒருமுறை ஊருக்குப் போனபோது விசா தாமதமாகி, கணவரும் மகளும் திரும்பிய பிறகு நான் மட்டும் சென்னையிலேயே இருக்க வேண்டிவந்தது. மகளுக்கு அப்போது மூணு வயசு. அதெல்லாம் பழைய கதை.

டிசம்பரில் நாத்தனார் குடும்பத்தோடு அதே வழியில் மறுபடி போகிறோம், ரோசோவும் உண்டு. ஒண்ணும் ஆகாது, ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு வா என்கிறார் கணவர். போகட்டுமா, வீட்டிலேயே இருந்துவிடட்டுமா?

பெயர் வேண்டாம்

*

அன்புள்ள சகோதரிக்கு,

போங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

பழைய கதை என்று நீங்கள் தள்ளிவைத்த இடத்தில்தான் என் கண் நின்றது. ஒரு காகிதம் வராததால் மூன்று வயதுக் குழந்தை ஒரு கரையிலும் நீங்கள் இன்னொரு கரையிலும் இருந்தீர்கள். அது நிஜமாக நடந்தது. பாஸ்போர்ட் கையில் இல்லாமல் அந்நிய மண்ணில் நின்றால் பிள்ளையைப் பிரிய நேரும் என்று உங்கள் உடம்பு அன்றைக்குக் கற்றுக்கொண்டது. ரோசோவில் மணல், வெயில், டாக்ஸி எதுவும் உங்களைப் பயமுறுத்தவில்லை. அந்தப் பழைய பாடம்தான் திரும்பி வந்தது. இதில் நீங்கள் வெட்கப்பட எதுவும் இல்லை.

ஆனால் இன்றைய நிலைமை வேறு. கப்பலைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதை ஒருமுறை கடைசிவரை யோசித்துப் பாருங்கள். இறங்கும்போதும் ஏறும்போதும் கார்டைத் தேய்ப்பதால், யார் வரவில்லை என்பது கப்பலில் தெரியும். வராதவர்களின் பாஸ்போர்ட்டைக் கேபினிலிருந்து எடுத்துத் துறைமுக ஏஜென்டிடம் கொடுத்துவிட்டுப் போவது பொதுவான வழக்கம். அதை வாங்கிக்கொண்டு சொந்தச் செலவில் அடுத்த துறைமுகம் போய்ச் சேர வேண்டும். பணம் போகும், அலைச்சல்தான். ஆனால் மகள் உங்கள் பக்கத்தில் இருப்பாள். அது முன்பு நடந்ததைப் போன்றது இல்லை.

இன்னொன்று: சான் ஹுவானுக்கும் ரோசோவுக்கும் வருடம் முழுக்க ஒரே நேரம்தான். போனும் வாட்சும் உங்களுக்கு ஒரே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன. பதில் கிடைத்தும் மறுபடி பார்க்கத் தோன்றியது பாருங்கள், அங்கேதான் பிரச்சினை. பாஸ்போர்ட், கிரீன் கார்டு இரண்டையும் நகல் எடுத்துப் பையில் வைத்தால் அது முன்னெச்சரிக்கை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பையைத் திறந்து நகல் இருக்கிறதா என்று பார்த்தால், அது பயத்துக்குத் தீனி போடுவது.

படபடப்பு சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போகும், பிறகு தானே இறங்கும். அது இறங்குவதற்கு முன்பே நீங்கள் கப்பலுக்குத் திரும்பிவிட்டீர்கள். உடனே நிம்மதி வந்தது. கப்பல்தான் காப்பாற்றியது என்று மனம் கணக்கு எழுதிக்கொண்டது. வீட்டிலேயே இருந்துவிட்டால் அந்தக் கணக்கு இன்னும் ஊறிப்போகும். போகச் சொல்வது இதனால்தான்.

டிசம்பர் வரை சும்மா இருக்க வேண்டாம். அடுத்த முறை விமான நிலையத்துக்கு அஞ்சு மணி நேரத்துக்குப் பதில் மூன்றரை மணி நேரம் முன்னால் போங்கள். சனிக்கிழமை மகளோடு ரயிலில் நியூயார்க் போய், திரும்பும் ரயில் எத்தனை மணிக்கு என்று பார்க்காமல் சுற்றுங்கள். பயம் வரும், வரட்டும். நின்ற இடத்திலேயே நின்று, அது ஏறி இறங்குவதைக் கவனியுங்கள்.

ரோசோவில் முதலிலேயே அருவிக்குப் போக வேண்டாம். நகரத்துக்கு எதிரே கப்பல் நின்றால், கரையிலேயே பழைய தபால் நிலையக் கட்டடத்தில் மியூசியம் இருக்கிறது. அதன் பின்னால் பழைய சந்தை. ஒரு காலத்தில் அடிமைகளை விற்ற இடம். இப்போது கைவினைப் பொருட்கள் விற்கிறார்கள். அங்கே அரை மணி நேரம் இருங்கள். முடிந்தால் இன்னும் கொஞ்ச தூரம் நடந்து தாவரவியல் பூங்காவுக்குப் போங்கள். 1979-இல் டேவிட் புயலில் ஒரு பெரிய பாவோபாப் மரம் காலிப் பள்ளிப் பேருந்தின் மேல் விழுந்தது. நசுங்கிய பேருந்தை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள், மரமும் துளிர்த்து வளர்கிறது. உங்கள் மகளுக்கு நிச்சயம் பிடிக்கும். கப்பல் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்து பழக இது போதும். தெம்பு இருந்தால் அருவிக்கு ஏறுங்கள். ரோசோவிலிருந்து தொலைவு அதிகமில்லை, நுழைவாயிலிலிருந்து கொஞ்ச நேரம் நடந்தால் பார்வை மேடை வந்துவிடும். கப்பலே ஏற்பாடு செய்யும் பயணமென்றால் வண்டி தாமதமானாலும் அவர்கள் பொறுப்பு. முதல் தடவை அப்படிப் போவதில் தப்பில்லை. இல்லை, சந்தையோடு திரும்பினாலும் சரிதான், படபடப்பு இறங்கிய பிறகு திரும்புங்கள்.

மாத்திரை விஷயத்தில் அவசரப்படாதீர்கள். படபடப்புக்குத் தைராய்டோ இதயமோ காரணமா என்று முதலில் பார்த்துவிடுங்கள். உடனடியாகப் பதற்றத்தை அமுக்கும் சில மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு போனால், சமாளித்தது நாமல்ல, மாத்திரைதான் என்று தோன்றிவிடும். மனநல மருத்துவர் பார்த்து எழுதிக்கொடுத்தால் அது வேறு. பயத்தைக் கிளப்பும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றக் கற்றுத்தரும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை (சி.பி.டி.) இதற்கு நன்றாகவே பலன் தரும். இப்போது தொடங்கினால் டிசம்பருக்குள் நிறைய முன்னேறலாம்.

மகளைப் பற்றி. அவள் சொன்னதில் குற்றச்சாட்டு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. உங்கள் முகத்தைப் பார்த்து, உங்களைச் சங்கடப்படுத்தக் கூடாதென்று சொல்லியிருக்கிறாள். ஆனால் காரணம் தெரியாத பிள்ளைகள் தாங்களாகவே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொள்வார்கள்: அம்மாவுக்கு நம்மோடு வரப் பிடிக்கவில்லை என்று. அவளுக்கு மூணு வயசில் நடந்ததைச் சொல்லுங்கள். நீளமாக மன்னிப்புக் கேட்க வேண்டாம். "எனக்கு இதனால பயம் வருது, சரி பண்ணிக்கிட்டிருக்கேன்" என்றால் போதும். டிசம்பரில் அவளை உங்களுக்குக் காவலாக மட்டும் வைத்துவிடாதீர்கள். அவளுக்கு அருவிக்குப் போக வேண்டுமென்றால் அத்தை வீட்டுப் பிள்ளைகளோடு போகட்டும்.

உங்கள் கணவருக்கும் ஒரு வார்த்தை. "ஒண்ணும் ஆகாது" என்று சொல்வதை விட்டுவிடுங்கள், ஐயா. உங்கள் மனைவிக்கு அது ஒருமுறை ஆகியிருக்கிறது. "பயமா இருக்கா? சரி, இங்கேயே கொஞ்ச நேரம் நிப்போம்" என்று சொல்லி, கூடவே நில்லுங்கள்.